பெட்ரோல் டாங்கியில் ஒரு விரிசல்

மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கி என்றவுடன் நம்மில் பெரும்பாலோர் மனக்கண்ணில் தோன்றுவது வர்ணம் பூசிப் பளபளக்கும் தகட்டு டாங்கிதான். அது நசுங்கினால் தட்டி நிமிர்த்துவதற்கும், துருவேறித் துளை விழுந்தால் பற்றவைத்துக் கொடுப்பதற்கும் டிங்கர் வேலை தெரிந்த ஒருவர் எந்த ஊர்க் கடைத்தெருவிலும் அகப்படுவார். ஆனால் சாலையை நம்பாமல் மணலிலும் சேற்றிலும் பாறைச் சரிவுகளிலும் ஓட்டுவதற்கென்றே செய்யப்படும் டர்ட் பைக்குகளைப் பார்த்தால், அவற்றில் அநேகமாக எல்லாவற்றுக்கும் டாங்கி பிளாஸ்டிக்கினால் ஆனதாகவே இருக்கும். அதில் விரிசல் கண்டு அதே டிங்கரிடம் கொண்டுபோனால் அவர் கையை விரித்துவிடுவார்; புதிது வாங்கலாம் என்றாலோ, வெளிநாட்டிலிருந்து தருவிக்க வேண்டிய சாமானாகவோ, பழைய மாடலாதலால் எங்குமே கிடைக்காத சாமானாகவோ அது பல சமயங்களில் இருந்துவிடுகிறது. ஆகவேதான் இத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள் வீட்டு முற்றத்திலேயே இதைச் சரிசெய்யத் துணிகிறார்கள். அவ்வாறு துணிபவர்களில் வெற்றி பெறுபவர்களுக்கும் தோல்வி அடைபவர்களுக்கும் உள்ள வித்தியாசம் கைத்திறமையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உருக்கி இணைப்பது அரை மணி நேரத்து வேலை. அதற்கு முன்னால் விசாரிப்பதிலும் காத்திருப்பதிலும் கழிய வேண்டிய நாட்கள்தாம் அதிகம். அந்த நாட்களைப் பொறுமையோடு கழிக்கச் சம்மதிப்பவர்களுக்கே இந்த டாங்கி வசப்படுகிறது.

அந்த டாங்கிப் பிளாஸ்டிக்கின் பூர்வீகத்தைச் சிறிது தெரிந்துகொண்டால் அதன் பிடிவாதங்கள் விளங்கும். இந்த டாங்கிகளில் பெரும்பாலானவை பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. 1933-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், இங்கிலாந்தின் செஷயர் பிரதேசத்தில் வின்னிங்டன் என்ற இடத்தில் இருந்த ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில், ரெஜினால்டு கிப்சன், எரிக் ஃபாசெட் என்ற இரு ரசாயனிகள் எத்திலீன் வாயுவை மிகக் கடுமையான அழுத்தத்தில் வேறொரு திரவத்தோடு சேர்த்துப் பரீட்சித்தபோது, தாங்கள் எதிர்பார்த்தது கிட்டாமல், பாத்திரத்தில் மெழுகுத் தன்மையுள்ள வெண்மையான பொருள் ஒன்று படிந்திருக்கக் கண்டார்கள். இருபது வருஷங்களுக்குப் பின் 1953-இல் ஜெர்மனியில் கார்ல் ஸீக்லர், அவ்வளவு அழுத்தம் இன்றியே அதனினும் உறுதியான பாலிஎத்திலீனைச் செய்யும் மார்க்கத்தைக் கண்டார். 1963-இல் இத்தாலியரான ஜூலியோ நாட்டாவோடு நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அந்த இத்தாலியிலேதான் 1973-இல் ஃபிராங்கோ அசெர்பிஸ் என்பவர் தொடங்கிய கம்பெனி, பந்தய மோட்டார் சைக்கிள்களுக்கான பிளாஸ்டிக் சாமான்களில், விசேஷமாகப் பெரிய பெட்ரோல் டாங்கிகளில், பேர்பெற்றது. 1978 டிசம்பர் 26-ஆம் தேதி பாரிஸிலிருந்து புறப்பட்டு ஸஹாராவைக் கடந்து டக்கார் நகரம் சென்ற முதல் ராலியும் அதன் பின் வந்தவையும் இத்தகைய டாங்கிகளுக்கு ஒரு மவுசை உண்டாக்கின. பின்னாளில் நம் ஓசூரின் டி.வி.எஸ். கம்பெனி பிரான்சின் ஷெர்கோவோடு கூட்டாக டக்கார் பந்தயத்துக்கு அனுப்பிய வண்டிகள்கூட, பாலைவனத்தின் நெடுந்தொலைவைக் கருதி, முன்னும் பின்னுமாகப் பிளாஸ்டிக் டாங்கிகளைச் சுமந்தே ஓடின. 2024-இல் கேரளத்து ஹரித் நோவா தம் பிரிவில் முதலாவதாக வந்தது அத்தகைய வண்டியில்தான்.

துருப்பிடிக்காது, எடை குறைவு, கீழே விழுந்தால் நசுங்காமல் மீண்டுகொள்ளும், எஞ்சினையும் சட்டத்தையும் தழுவிக்கொண்டு எந்தக் கோணல்மாணலான வடிவத்திலும் வார்க்கலாம் என்று இந்தப் பிளாஸ்டிக்கின் குணங்களை அடுக்கிக்கொண்டே போகலாம். ஒரு குற்றமும் உண்டு: பெட்ரோல் இதன் சுவருக்குள் ஊறும், ஊறி மிக மெதுவாக வெளியேயும் ஆவியாகப் போகும். பிளாஸ்டிக் டாங்கியின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர் சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாக எழும்புவதைக் கவனித்தவர்கள் இருக்கலாம். ஸ்டிக்கர் செய்தவனைத் திட்டுவதில் பயனில்லை, டாங்கிக்குள்ளிருந்து கசிந்து வரும் ஆவி போக வழியின்றி அங்கே தேங்குகிறது. விஷயம் தெரிந்தவர்கள் ஊசியால் பொடித் துளைகள் இட்ட ஸ்டிக்கரையே ஒட்டுவார்கள். அமெரிக்காவில் 2008-ஆம் வருஷத்து மாடல்களிலிருந்து, டாங்கியின் ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து நாள் ஒன்றுக்கு 1.5 கிராமுக்கு மேல் இவ்வாறு வெளியேறக்கூடாது என்று விதித்தார்கள். அது முதல் உட்புறத்தில் தடுப்புப் படலம் கொண்ட டாங்கிகள் பெருகின. பழுதுபார்க்கும்போது அந்தப் படலம் அவ்விடத்தில் அறுபட்டுப் போகிறது என்பதையும் ஒப்புக்கொண்டுதான் வேலையில் இறங்க வேண்டும்.

டாங்கி சேதமாகும் இடங்கள் அநேகமாக இன்னின்னவை என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். பாறையில் மோதி நேராக ஓட்டை விழுவது அபூர்வம். அடிக்கடி நேர்வது, பெட்ரோலைத் திறந்து மூடும் பெட்ரோல் காக் என்னும் திருகைப் பொருத்தும் இடத்தில், பிளாஸ்டிக்குள் பதித்த பித்தளை மரைக்குள் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியதால் அதைச் சுற்றி மயிரிழை போன்ற கீறல் ஓடுவதும், சட்டத்தின் குழாயோடு உராய்ந்து உராய்ந்து அடிப்பக்கத்தில் சுவர் தேய்ந்து காகித கனமாகிவிடுவதும், வெயிலிலேயே நின்ற வண்டியில் பிளாஸ்டிக் முதிர்ந்து விளிம்புகளில் வெடிப்பதும்தான். கசிவு பெட்ரோல் காக் பக்கத்தில் இருந்தால் முதலில் அதைக் கழற்றி ரப்பர் வளையத்தைப் பாருங்கள். பத்து ரூபாய் வளையம் செய்த குற்றத்துக்கு டாங்கியைத் தண்டித்தவர்கள் உண்டு.

விரிசல்தான் என்று நிச்சயமானதும் மனிதர் யாரும் முதலில் நாடுவது பசையை. இரண்டு குழாய்களிலிருந்து எடுத்துப் பிசைந்து பூசும் எபாக்ஸிப் பசை இரும்பில் ராட்சஸப் பிடி பிடிக்கும். எம்-சீலால் தகட்டு டாங்கியை அடைத்து வருஷக்கணக்கில் ஓட்டியவர்கள் நம்மிடையே ஏராளம். அந்த அனுபவமே இங்கே ஆளை ஏமாற்றுகிறது. பாலிஎத்திலீனின் அணுக்கூட்டுகளில் வேறொரு பொருள் பற்றிக்கொள்ளத்தக்க மின் கவர்ச்சி எதுவும் இல்லை. பசை அதன் மேல் காயும், கல்லாக இறுகும், ஆனால் அதோடு ஒட்டாது. வண்டி நாலு நாள் குலுங்கியதும் முழுத் தகடாகக் கழன்று நம் கையோடு வந்துவிடும். மேற்பரப்பின் மீது நீலச் சுவாலையை லேசாக ஓட்டிப் பிராணவாயு ஏறச் செய்தால் சில பசைகள் ஒருவாறு பிடிக்கும் என்பது உண்மை. பாலிஎத்திலீன் படகுகளை அவ்வாறு செப்பனிடுகிறார்கள். பெட்ரோல் ஊறிய சுவரிடம் சுவாலையைக் கொண்டுபோகும் யோசனையை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பாலிஎத்திலீனோடு நிச்சயமாக இணைவது பாலிஎத்திலீன் ஒன்றே. இரண்டையும் உருக்கி ஒன்றோடொன்று கலக்கச் செய்வதே முறையான வழி.

ஆனால் கையில் இருப்பது பாலிஎத்திலீன்தானா? டாங்கியின் அடியில் வார்ப்பிலேயே எழுத்துக்கள் இருந்தால் பாதிச் சிரமம் தீர்ந்தது. இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாத ஓர் ஓரத்திலிருந்து நகக்கண் அளவு சீவல் எடுத்து, டாங்கியிருக்கும் இடத்தை விட்டு வெகுதூரம் போய்ப் பரீட்சை செய்ய வேண்டும். அதைத் தண்ணீரில் அமுக்கி விட்டால் பாலிஎத்திலீன் மேலே வந்து மிதக்கும். சில விலையுயர்ந்த வண்டிகளில் உபயோகப்படும் நைலான் மூழ்கிவிடும். சீவலைக் குறட்டால் பிடித்துத் தீயில் காட்டி அணைத்து, எழும் புகையை லேசாக முகர்ந்தால், பாலிஎத்திலீனில் மெழுகுவத்தியை ஊதி அணைத்த வாசனை அப்படியே இருக்கும். நைலானில் தலைமயிர் பொசுங்கிய நாற்றம் அடிக்கும். இத்துடன் விசாரணை முடியவில்லை. பாலிஎத்திலீனிலேயே, அதன் நீண்ட சங்கிலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து இறுக்கிய ஒரு வகை உண்டு. சாதாரண பாலிஎத்திலீன் நெய்யைப் போலக் காய்ச்சக் காய்ச்ச உருகி ஆற ஆற உறையும். பிணைக்கப்பட்ட வகையோ வெந்த முட்டை, எவ்வளவு சூடு காட்டினாலும் மறுபடி இளகாது. சூடான சால்டரிங் அயர்ன் முனையில் சீவலை ஒற்றி இழுத்தால் முன்னது தெளிந்த துளியாகி நூலாக நீளும். பின்னது ரப்பரைப் போல் நெகிழ்ந்து, மேலும் சூடேற்றினால் கருகும். கருகினால் அந்த டாங்கியை உருக்கி இணைக்கும் எண்ணத்தை அன்றே விட்டுவிடுவது உத்தமம்.

இனிச் சொல்லப்போவது இந்தக் கட்டுரையில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. நிறைந்த டாங்கி அபாயகரமானது, காலி டாங்கி சாது என்று நம் புத்திக்குப் படுகிறது. உண்மை இதற்கு நேர்மாறாக இருக்கிறது. எரிவது பெட்ரோல் அன்று, அதன் ஆவி. அந்த ஆவியும் காற்றோடு நூற்றுக்குச் சுமார் 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை கலந்திருக்கும்போதே வெடிக்கும். நிறைந்த டாங்கியின் மேற்புறத்தில் இருக்கும் சிறு வெளியில் ஆவி இந்த எல்லைக்கு மேல் திணிந்து கிடக்கும். காலி செய்து மூடியைத் திறந்து வைத்த டாங்கியிலோ காற்று புகுந்து புகுந்து, வெடிப்பதற்கு என்ன விகிதம் வேண்டுமோ அந்த விகிதத்துக்கே கலவையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரிக் குளிரில்கூடப் பெட்ரோல் தீப்பற்றத்தக்க ஆவியை விடும் என்றால், நம் சித்திரை வெயிலில் அதன் குணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானதாகையால் மேலே பறந்து போகாமல் தரையோடு தவழ்ந்து, பக்கத்து அறையில் எரியும் அடுப்பைத் தேடிப் போய்ச் சேரவும் வல்லது. ‘நான் தீயை உபயோகிக்கவில்லையே, மின்சாரச் சால்டரிங் அயர்ன்தானே’ என்று சமாதானம் சொல்பவர்களும், சுமார் 250 முதல் 280 டிகிரிச் சூட்டில் பெட்ரோல் ஆவி பொறி எதுவுமின்றித் தானே பற்றிக்கொள்ளக்கூடும் என்பதையும், அயர்னின் முனை அதற்கு மேலும் சூடேறும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தகட்டு டாங்கியைக் கழுவிவிட்டால் உள்ளே தங்குவது சொற்பம். பிளாஸ்டிக் டாங்கியில் அப்படியில்லை. பெட்ரோல் சுவருக்குள்ளேயே குடியிருக்கிறது. இன்று கழுவித் துடைத்து மணம் இல்லாமல் செய்து மூடி வைத்தால், நாளைக்குத் திறக்கும்போது மணம் திரும்ப வந்திருக்கும். ஆகையால் பெட்ரோல் காக், மூடி, மிதவை முதலிய எல்லாவற்றையும் கழற்றி, சோப்புத்தூள் கரைத்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவதைப் பல தடவை செய்து, பின்பு எல்லா வாய்களும் திறந்திருக்க, காற்று நன்றாக ஓடும் வெளியிடத்தில் நிழலில் ஒரு வாரமேனும் வைத்துவிட வேண்டும். வீட்டுக்குள் அன்று, மாடிப்படிக்கு அடியிலும் அன்று. இடையில் மறுபடி ஒரு கழுவல் நல்லது. அதன் பிறகும் மூக்கை நம்பி அயர்னைத் தொடாமல், விரிசல் மேற்புறமாக இருக்கும்படி டாங்கியைச் சாய்த்து முட்டுக் கொடுத்து, விரிசலுக்கு ஒரு விரற்கடை கீழே வரை தண்ணீர் நிரப்பிவிட்டால், ஆவி தங்குவதற்கு உள்ளே இடமே இல்லாமல் போகும். அனுபவசாலியான பற்றவைப்பாளர்கள் இரும்பு டாங்கிக்கும் இதையே செய்கிறார்கள். வேலையை வெட்டவெளியில் செய்வதும், எட்டும் தூரத்தில் தீயணைக்கும் சாதனம் ஒன்றை வைத்துக்கொள்வதும், வேடிக்கை பார்க்க வரும் குழந்தைகளை விரட்டுவதும் இந்த ஏற்பாட்டின் பகுதிகளே.

நடுவழியில் டாங்கி ஒழுகத் தொடங்கியவனுக்கு ஒரு வாரம் காத்திரு என்று உபதேசிப்பது நியாயமாகாது. அவனுக்கு உதவுவது துணி துவைக்கும் சோப்புக் கட்டி. நம்மூர் மெக்கானிக்குகளும் தூர தேசங்களில் காடு மேடு சுற்றுபவர்களும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ளாமலேயே இந்த உபாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். தண்ணீரில் கரையும் சோப்பு பெட்ரோலில் கரைவதில்லை. ஆகவே கட்டியை விரிசலுக்குக் குறுக்காக அழுத்தித் தேய்த்து உள்ளே திணித்தால், வீடு போய்ச் சேரும் வரை கசிவு அடங்கியிருக்கும். வீடு வந்த பிறகு அந்தச் சோப்பை அடியோடு சுரண்டி எடுக்க வேண்டும். பிசிறு தங்கினாலும் உருக்கிய பிளாஸ்டிக் அவ்விடத்தில் சேராது.

இனி அந்த அரை மணி நேரத்து வேலை. விரிசலின் இரு நுனிகளையும் கண்டுபிடித்து, நுனிக்குச் சற்று அப்பால் மூன்று மில்லிமீட்டர் டிரில்லால் தலா ஒரு துளை போட்டுவிட்டால், விரிசல் மேலும் ஓடாமல் அங்கே நின்றுவிடும். பிறகு கூரிய கத்தியால் விரிசலின் நீளம் முழுவதும் ஆப்பு வடிவத்தில் ஒரு பள்ளம் சீவ வேண்டும்; சுவரின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழம் போதும். பள்ளத்தின் இரு பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்ப்பதைவிடக் கத்தி முனையால் சுரண்டுவதே மேல். வெயில் பட்டு முதிர்ந்த மேல்தோல் சுருள் சுருளாக வந்து, அடியில் புதிய பிளாஸ்டிக் தெரிய வேண்டும். நிரப்புவதற்கான குச்சியும் அதே இனத்துப் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். கடையில் பாலிஎத்திலீன் வெல்டிங் ராடு என்று கேட்டால் கிடைக்கும். டாங்கியிலேயே அவசியமில்லாத ஓரம் ஏதேனும் இருந்தால் அதிலிருந்து அறுத்த கீற்று அதனினும் சிலாக்கியம்.

தட்டையான முனையுள்ள அயர்னை எடுத்துக்கொண்டு, பள்ளத்தின் அடியை முதலில் இளக்க வேண்டும். சுமார் 130 டிகிரியில் பாலிஎத்திலீன் உருகத் தொடங்குகிறது. உருகும் அந்தத் தருணத்தில் அதன் மங்கல் நீங்கி ஈரம் படிந்த மினுமினுப்பு ஒன்று தோன்றும். அந்த மினுமினுப்பு பள்ளத்தின் சுவரிலும் குச்சியின் நுனியிலும் ஏககாலத்தில் இருக்கும்போது ஒன்றை மற்றதில் அழுத்துவதுதான் இந்தக் கலையின் ரகசியம் முழுவதும். குச்சியை மட்டும் உருக்கிக் குளிர்ந்த பள்ளத்தில் ஊற்றினால் பார்வைக்கு அழகாக நிரம்பும். நகத்தால் நெம்பினால் முழுசாக எழுந்து வரும். சூடு மிஞ்சிப் பழுப்பு நிறமும் புகையும் கண்டால் பிளாஸ்டிக் கெட்டு மொறமொறப்பாகிவிட்டது என்று அறிந்து, அதைச் சுரண்டி எறிய வேண்டும். இளகிய பிளாஸ்டிக்கில் பொடிப் பொடியான குமிழிகள் எழுந்து சளசளவென்று சப்தம் கேட்டால், சுவருக்குள் இன்னும் பெட்ரோல் இருக்கிறது என்று டாங்கியே வாய் திறந்து சொல்கிறது. அக்கணமே அயர்னை அப்பால் எடுத்துவிட்டு, டாங்கியை மறுபடி காற்றாட வைப்பதைத் தவிர வேறு மார்க்கம் இல்லை. ஆத்திரம் மேலிட்டு அப்படியே தொடர்பவர்களின் வேலை கடற்பஞ்சாகத் துளைவிட்டுப் போகிறது என்பதோடு, அவர்கள் ஆவியை முகத்துக்கு நேரே சூடேற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் யோசிக்கத்தக்கது.

பள்ளம் நிரம்பிய பின், சுமை தாங்கும் இடமானால், துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலையில் ஒரு துண்டை வெட்டி அயர்னால் அழுத்திப் பிளாஸ்டிக்குள் புதைத்து, அதன் மேல் மெல்லிய படலமாக இன்னும் சிறிது உருக்கி மூடலாம். ஆறும்போது பாலிஎத்திலீன் நன்றாகவே சுருங்குகிறது. ஈரத் துணி வைத்து அவசரமாகக் குளிரப்பண்ணினால் அந்தச் சுருக்கமே இணைப்பின் ஓரத்தில் புது விரிசலை இழுத்துவிடும். தானாக ஆற விட்டுவிட வேண்டும். மேடு பள்ளங்களை அரம் போட்டு வழவழப்பாக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளலாம். மேடு இருந்தால் பலந்தான்.

நைலான் டாங்கிகளின் கதை வேறு. நைலான் ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உடையது. எத்தனால் கலந்த பெட்ரோலில் அது ஊதிப் பெருக்கிறது. இத்தாலியின் டுகாட்டி வண்டிகளில் சிலவற்றின் டாங்கிகள் இவ்வாறு வீங்கிச் சட்டத்தில் பொருந்தாமல் போனது அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்ற விவகாரம். நம் நாட்டிலும் 2023 பிப்ரவரி முதல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்துவிட்டதால், அத்தகைய டாங்கி உடையவர்கள் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தும்போது டாங்கியைக் காலி செய்து உலர வைப்பது நலம். வீங்கியதை வீட்டில் சரிசெய்ய முடியாது. உருகுவதற்கு 220 டிகிரி வேண்டியிருக்கும் நைலானில், முற்றத்து அயர்ன் வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பழுதுபார்த்த டாங்கியைப் பரீட்சிக்க முதலில் தண்ணீரை நிரப்பி, பழைய செய்தித்தாளின் மேல் ஓர் இரவு வைக்கலாம்; ஒரு சொட்டு இறங்கினாலும் காகிதம் காட்டிக்கொடுக்கும். காற்றடிக்கும் கம்பிரசரை வாயில் சொருகுவது விபரீதம்; டாங்கி அவ்வளவு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதன்று. தண்ணீரில் தேறிய டாங்கி பெட்ரோலில் தேறும் என்பதும் நிச்சயமில்லை. பெட்ரோலின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். தண்ணீர் நுழையத் தயங்கும் பொடித் துவாரத்தில் அது சாவகாசமாக நுழைந்துவிடும். ஆகவே நன்றாக உலர்த்திய பின் கொஞ்சம் பெட்ரோல் விட்டு, இணைப்பு கீழே வரும்படி, வெளியிடத்தில், வண்டியில் பூட்டாமலேயே ஒரு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். பூட்டும்போது சட்டத்தோடு உராயும் இடங்களில் ரப்பர் பட்டை கொடுத்து, பெட்ரோல் காக்கின் போல்ட்டை ஸ்பானரின் பலத்தைக் காட்டாமல் பதமாக முறுக்கவும்.

கசிந்தால் ஒரு முறை மறுபடி சீவிப் போடலாம். இணைப்பின் மீதல்லாமல் அதற்குப் பக்கத்திலேயே புதிதாக வெடிப்பு ஓடினால், பிளாஸ்டிக்கே வெயிலில் முதிர்ந்துவிட்டது என்று பொருள். வேறு டாங்கிதான் வாங்க வேண்டும். முதிர்ந்துபோனதை இனாமாகக்கூட யாருக்கும் கொடுக்காமல், கழுவிக் காற்றாட வைத்த பின் கைரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம்.